சீனத்து மேல வீதியும் தமிழ்க் கற்களும்

சோழர் சீன நாட்டில் சிவன் கோயில் எழுப்பினர் என்னும் செய்தியை நம் இலக்கிய மேடைகளில் கேளாதார் இலர். இராசராசன் கட்டியது என்பார் சிலர். இராசேந்திரனின் கடற்படை சென்ற வழியில் எழுந்தது என்பார் வேறு சிலர். இரண்டுக்கும் கைதட்டல் உண்டு, சான்றுதான் இல்லை. ஆயினும், சீனத்தில் தமிழர் கோயில் ஒன்று இருந்தது உண்மை. அங்குத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருப்பதும் உண்மை. அவ்வுண்மையைத் தேடுவோர் அரண்மனைக்கோ போர்க்களத்துக்கோ போக வேண்டுவதில்லை. ஒரு பழைய கடைத்தெருவுக்குப் போனால் போதும். அத்தெருவில் நடந்து பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. அங்குள்ள கற்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைத் தமிழன்பர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்கிழக்குச் சீனத்தில், பூஜியன் மாநிலக் கடற்கரையில் அமைந்த நகர் குவான்சௌ. முன்னர்க் காண்டன் என்று வழங்கிய குவாங்சௌ வேறு, இது வேறு. பெயரொலி நெருங்கியிருத்தலின் இரண்டையும் ஒன்றாக மயங்குவார் பலர். 1087ஆம் ஆண்டில் சோங் அரசு இந்நகரில் கடல்வணிக அலுவலகம் ஒன்றை நிறுவியது. அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்காலம் கீழை உலகின் தலையாய துறைமுகங்களுள் ஒன்றாக இவ்வூர் விளங்கிற்று. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இதனைப் பெரும் துறைமுகமாக வியந்து எழுதியுள்ளனர். அவர்கள் வழங்கும் பெயர் 'ஸைத்தூன்' என்பது. அரபு மொழியில் இச்சொல் ஒலிவ மரத்தைக் குறிக்கும். ஆனால் குவான்சௌவில் ஒலிவ மரத்துக்கு என்ன வேலை? பத்தாம் நூற்றாண்டில் நகர்மதிலை விரிவாக்கிய லியூ சோங்சியாவ் என்ற ஆட்சியாளர் அதனைச் சுற்றிலும் 'சித்தோங்' என்னும் மரத்தை நடுவித்தார். நகரும் அம்மரத்தின் பெயரைப் பெற்றது. சித்தோங் அரபியர் நாவில் ஸைத்தூன் ஆயிற்று. இம்மரம் நமக்குப் புதியதன்று. செந்நிறப் பூப்பூக்கும் முள்முருங்கை, கலியாண முருங்கை என்று நம்மூர்களில் வழங்குவது இதுவே. வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக் கொடிக்கும் படர்கொம்பாக இதனை நடுவர். மிளகு தேடி உலகக் கப்பல்கள் கூடிய துறைக்கு, மிளகுக்கொடி தாங்கும் மரத்தின் பெயர் அமைந்தது தற்செயலே எனினும் மகிழ்ச்சி தருகிறது.

நகரின் பழைய கடைத்தெரு 'சீ சியே' எனப்படும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மேல வீதி. கோயிலூர்களில் வளர்ந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தாங் பேரரசுக் காலம் முதல் இருந்துவரும் வீதி இது. இதன் கீழ்க்கோடியில், நான்கு சாலைகள் கூடுமிடத்தில், 1934இல் கட்டப்பட்ட வெண்ணிற மணிக்கூண்டு நிற்கிறது. அங்கிருந்து தெற்கே பிரியும் சொங்சான் சாலையின் இருபுறமும், மாடியைத் தூண்கள் தாங்க, அடியில் மக்கள் நடக்கும் நடைவழிகள் உண்டு. மலேசியத் தமிழர் 'அஞ்சடி' என்று வழங்கும் அதே அமைப்பு. 1920களில் தென்கடல் நாடுகளில் பொருளீட்டிய இவ்வூரார் அனுப்பிய பணத்தில் எழுந்தவை இவற்றுள் பல.

மேல வீதி அகலமானதன்று. ஓட்டுக்கூரை வீடுகளும் செங்கல் முகப்புகளும் நெருங்கி நிற்கின்றன. சேமியாவைக் கூழாகக் கரைத்துக் கொதிக்கவைத்து விற்கும் கடை, வேர்க்கடலையைக் குழைய வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றித் தரும் கடை, பொம்மலாட்டத் தலைகள் செதுக்குவோர் கடை, ஆன்சி மலைத் தேயிலை, தெகுவா வெண்பீங்கான், யோங்சுன் ஊதுவத்தி. இம்மூன்று ஊர்களும் குவான்சௌ நகராட்சி எல்லைக்குள் அடங்கியவை. அவற்றின் சரக்கு வந்து சேரும் பழைய கடைவீதிகளுள் இது ஒன்று. தெகுவாப் பீங்கான் சோங் காலத்திலேயே கப்பலேறிய சரக்கு. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தமை நினைவுகூரத்தக்கது.

இவ்வீதியில் இப்போது தலை நிறையப் பூச்சூடிய பெண்கள் கூட்டங்கூட்டமாக நடக்கின்றனர். அருகிலுள்ள சுன்பூ என்னும் மீனவர் ஊர்ப் பெண்களின் வழக்கம் இது. கொண்டையைச் சுற்றிப் பூச்சரங்களை வளையம் வளையமாக அணிவர். 2023 முதல் இது சீனம் முழுவதும் பரவிய புது மோகமாகி, சுற்றுலா வரும் பெண்கள் அனைவரும் வாடகைக்கு உடையும் பூவும் வாங்கி அணிந்து படமெடுத்துக்கொள்கின்றனர். முதன்முதலில் காணும் தமிழருக்கு உடனே, "இது நம் வழக்கமன்றோ!" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதிருத்தல் நன்று. பூச்சூடும் பெண்கள் உலகில் பல நாடுகளில் உளர். சுன்பூவின் பூ தமிழகத்திலிருந்து போனது என்பதற்குச் சான்றேதும் இல்லை. சான்றுள்ள இடம் இதே வீதியில் சற்று மேற்கே இருக்கிறது.

கையுவான் பௌத்தக் கோயில் 686ஆம் ஆண்டில் ஒரு முசுக்கொட்டைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது. அதன் இருமருங்கும் நிற்கும் இரட்டைக் கற்கோபுரங்கள் வீதியின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். மேலைக் கோபுரம் 1237இலும் கீழைக் கோபுரம் 1250இலும் இப்போதுள்ள கல்வடிவம் பெற்றன. மேலைக் கோபுரத்தில் வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவன் உருவம் உண்டு. அதனை அனுமனோடு ஒப்பிடுவோரும் உளர், சீனக் கதைகளின் குரங்கரசனோடு ஒப்பிடுவோரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை. நாம் கடந்து செல்வோம்.

பெரிய மண்டபத்தின் முன்புறம் எல்லாம் சீனம். பக்தர் ஊதுவத்தி ஏந்தி வணங்குகின்றனர். மேடையின் அடிவரிசையில்தான் முதல் வியப்பு. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் வரிசையாகக் கற்பலகைகளில் செதுக்கப்பட்டுள்ளன. சீனக் கோயிலுக்கு அவை உரியனவல்ல. மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் சென்றால் ஐயம் தீர்கிறது. அங்கே பதினாறு பட்டைகொண்ட இரண்டு கருநிறக் கற்றூண்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் வட்டச் சிற்பங்களை நம் நாட்டுச் சிறுபிள்ளையும் இனங்காணும். உரலில் கட்டுண்ட கண்ணன் இருமரங்களுக்கிடையே தவழ்கிறான். காளியன்மேல் ஆடுகிறான். ஆய்ச்சியர் ஆடையைக் கவர்ந்து மரத்தின்மேல் அமர்ந்திருக்கிறான். இரணியனைக் கிழிக்கும் நரசிங்கம் ஓரிடத்தில். யானைக்கு அருள வந்த திருமால் வேறோரிடத்தில்.

நான் நின்றிருந்த நேரத்தில் இளஞ்சீனர் இருவர் தூணைத் தொட்டுப் பார்த்து, கண்ணனைக் கைபேசியில் படம் பிடித்துச் சென்றனர். பக்கத்தில் விளக்கப் பலகை இருக்கிறது. எனினும் ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய கண்ணுக்கே அக்கதைகள் உரலும் மருதமும் ஆய்ச்சியருமாக முழுமையாகத் தெரியும். ஆனால் அதே கண் இன்னொன்றையும் காண வேண்டும். கல் உள்ளூர்க் கல். உருவங்களின் ஆடை மடிப்பிலும் பூவேலையிலும் சீனச் சிற்பியின் கை தெரிகிறது. தமிழகக் கோயிலின் அமைப்பையும் கதையையும் அறிந்த ஒருவர் சொல்ல, குவான்சௌ கல்தச்சர் உளி பிடித்திருக்க வேண்டும். ஆனந்த குமாரசாமி 1933இலேயே இச்சிற்பங்களைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். இத்தூண்கள் கையுவான் கோயிலுக்கென்று செய்யப்பட்டவையல்ல; இடிந்துபோன வேறொரு கோயிலிலிருந்து, மிங் காலத் திருப்பணியின்போது கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை.

அவ்வேறொரு கோயில் எது? 1956இல் நகரில் கிடைத்த ஒரு கல் இதற்கு விடை தருகிறது. அதில் தமிழ் எழுத்தில் சில வரிகளும், கீழே சீன எழுத்தில் ஒரு வரியும் உள்ளன. தமிழகக் கல்வெட்டறிஞர் தி.நா. சுப்பிரமணியன் இதனைப் படித்து 1978இல் வெளியிட்டார். பின்னர் சப்பானியப் பேரறிஞர் நொபுரு கராசிமா இதனை மீண்டும் ஆராய்ந்தார். சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள் சித்திரை நாள். அதாவது பொது ஆண்டு 1281. தவச்சக்கரவர்த்தி என்னும் பட்டம் பூண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை இங்கு எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. இறைவன் பெயரைத் திருக்கானீசுவரம் என்றும் திருக்கதலீசுவரம் என்றும் இருவேறாகப் படித்துள்ளனர்.

இக்கல்வெட்டின் சொற்கள் நின்று நோக்கத்தக்கவை. 'திருமேனிக்கு நன்றாக' என்பது நம் கல்வெட்டுகளில் பயின்றுவரும் தொடர். அரசனின் உடல்நலம் வேண்டிக் கொடை வழங்கும்போது இதனைப் பொறிப்பர். குவான்சௌக் கல்லிலும் அத்தொடர் இருக்கிறது. ஆனால் நலம் வேண்டப்படும் திருமேனி சோழனுடையதன்று, பாண்டியனுடையதும் அன்று. 'செகசை கான்' என்னும் மங்கோலிய அரசனுடையது; குப்ளாய் கானையே இப்பெயர் குறிக்கிறது என்பர் ஆய்வாளர். கோயில் எழுந்ததும் அவனுடைய ஆணைப்படியே. அவ்வாணையைக் கல்வெட்டு 'பர்மான்' என்ற பாரசீகச் சொல்லால் குறிக்கிறது. மாலிக் காபூரின் படை 1311இல் மதுரைக்கு வருவதற்கு முப்பது ஆண்டு முன்னரே, சீனக் கடற்கரையில், தமிழ்க் கல்லில் பர்மான் என்னும் சொல் ஏறிவிட்டது. மங்கோலியர் ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழிகளுள் ஒன்றாக இருந்தமையே இதற்குக் காரணம்.

மேடைகளில் கேட்கும் சோழர் பெருமைக்கும் இக்கல்லுக்கும் உள்ள தொலைவு இங்கே வெளிப்படுகிறது. இராசராசனின் தூதர் 1015இலும், இராசேந்திரனின் தூதர் 1033இலும், முதற் குலோத்துங்கன் காலத் தூதர் 1077இலும் சோங் அரசவையை அடைந்தனர். இவை சீன அரசு வரலாறுகளில் பதிவானவை. ஆனால் கோயில் எழுந்த 1281இல் சோழப் பேரரசு இல்லை. மூன்றாம் இராசேந்திரனின் இறுதிக் கல்வெட்டு 1279க்கு உரியது. தமிழகத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டான். சீனத்திலும் சோங் மரபு அதே 1279இல் கடலில் மூழ்கி முடிந்தது. பேரரசுகள் இரண்டும் வீழ்ந்து ஈராண்டு கழித்து, எப்படையின் துணையுமின்றி, புதிதாக வந்த ஆட்சியாளரிடம் இசைவு பெற்றுத் தம் இறைவனை நிலைநாட்டிய ஒரு சிறு கூட்டத்தின் கல் இது. சோழப் படையெடுப்பின் வெற்றித்தூணாக இதனைக் காட்டும்போது, அதனை எழுப்பியவரின் மெய்யான துணிவு மறைந்துபோகிறது. என்னைக் கேட்டால், படையோடு சென்று கோயில் கட்டுவது எளிது; வழக்கறியா நாட்டில் தரகரும் மாலுமியுமாக வாழ்ந்துகொண்டு கட்டுவதே அரிது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அதே 1281ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குப்ளாயின் தூதர் யாங் திங்பி குவான்சௌவிலிருந்து கொல்லம் நோக்கிக் கப்பலேறினார். மூன்று திங்கள் கழித்து இலங்கையை அடைந்தபோது காற்று எதிர்த்தது, உணவும் குறைந்தது. ஆகவே கப்பல் மாபர் எனப்பட்ட பாண்டியர் கடற்கரைக்குத் திரும்பி, அவ்வாண்டின் நான்காம் சீனத் திங்களில் கரை சேர்ந்தது. அங்கே சித்திரையில் தமிழர் கானின் நலம் வேண்டிக் கோயிற்பணி செய்த அதே பருவத்தில், கானின் தூதர் தமிழ்க் கரையில் கால் வைத்திருக்கிறார். ஆணை கிடைத்ததற்கு இவ்வணிக நாட்டமே பின்புலம் எனக் கொள்ளுதல் தகும்.

அக்கூட்டத்தினர் யார்? சுமத்திராவின் பாருசில் 1088இல் நிறுத்தப்பட்ட தமிழ்க் கல்வெட்டு 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவைப் பெயர் சொல்லி அறிவிக்கிறது. குவான்சௌக் கல் அவ்வாறு எக்குழுவையும் சுட்டவில்லை. எனினும் வெளிநாட்டார் நகரின் தென்பகுதியில், ஆற்றை அடுத்து வாழ்ந்தனர் என்பதைச் சீன நூல்கள் காட்டுகின்றன. குவான்சௌக் கடல்வணிக அலுவலகத் தலைவராக இருந்த சாவ் ருகுவா 1225ஆம் ஆண்டளவில் எழுதிய நூல் இவ்வகையில் பெருங்கருவூலம். இந்தியத் துறவி ஒருவர் 984க்கும் 988க்கும் இடையே கடல்வழி வந்ததையும், வெளிநாட்டு வணிகர் போட்டியிட்டு அவருக்குப் பொருள் வழங்கியதையும், அவர் அப்பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாது நகரின் தெற்கே நிலம் வாங்கிப் பௌத்தக் கோயில் கட்டியதையும் அவர் குறிக்கிறார். மலையாளக் கரையினரான தந்தையும் மகனும் தம் காலத்தில் நகரின் தெற்கே குடியிருந்ததைப் பெயரோடு எழுதுகிறார். மொழி பலவாகிய மாந்தர் கலந்துறைந்த புகாரின் மருவூர்ப்பாக்கத்தை நாம் நூலில் படிக்கிறோம்; அதன் மறுபக்கத்தை, நம்மவரே அயலவராய் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்தை, இந்நூலில் காண்கிறோம்.

வழி ஒருபாற்பட்டதும் அன்று. குவான்சௌவிலிருந்து கப்பலேறிய வாங் தாயுவான் பதினான்காம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதிய நூலில், அயல்நாட்டுச் சமவெளி ஒன்றில் சீன எழுத்துப் பொறித்த செங்கற் கோபுரம் கண்டதாகவும், 1267இல் அது முடிந்ததாக அவ்வெழுத்துக் கூறுவதாகவும் எழுதினார். அவ்விடம் நாகப்பட்டினம் என்பர் ஆய்வாளர். அங்கு நின்ற பழங்கோபுரம் ஒன்று 1867இல் இடிக்கப்பட்டது. மாபரின் அமைச்சர்களுள் ஒருவரான இசுலாமியர் பூ அலி 1291இல் சீனம் சென்று, குப்ளாய் அளித்த கொரியப் பெண்ணை மணந்து, 1299இல் தலைநகரில் இறந்தார். அவர் உடல் குவான்சௌவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. பாண்டி நாட்டு அரசியலின் ஒரு நுனி அம்மண்ணில் புதைந்து கிடக்கிறது.

இவ்வாழ்வு முடிந்தது கொடிய முறையில். 1357 முதல் 1366 வரை பாரசீகப் படையினர் நகரில் நடத்திய கலகமும், அதன் இறுதியில் வெளிநாட்டார்மீது நிகழ்ந்த படுகொலையும் துறைமுகத்தின் முதுகெலும்பை முறித்தன. பின்வந்த மிங் அரசு தனியார் கடல்வணிகத்தைத் தடை செய்தது. எஞ்சிய அயலவர் பெயரும் மொழியும் மாற்றிச் சீனருள் கரைந்தனர். கோயில்களும் கல்லறைகளும் கல்லுடைப்போருக்குக் கற்குவியலாயின. நகர்மதிலுக்கும் பாலத்துக்கும் வீட்டுப்படிக்கும் அக்கற்கள் பயன்பட்டன. சீரழிவே எனினும் கற்கள் பிழைத்ததும் இதனாலேயே. மதிலுக்குள் ஒளிந்தவற்றை எவரும் உடைக்கவில்லை.

சப்பானியப் போரின்போது மதில் இடிக்கப்பட்டபோது அவை மீண்டும் வெளிவந்தன. அவற்றைக் காத்தவர் வரலாற்றுப் பேராசிரியரல்லர். பள்ளியில் உயிரியல் கற்பித்த ஊ வென்லியாங் என்னும் ஆசிரியர். இடிபாடுகளுக்கிடையே அலைந்து, கல்தச்சரிடம் தம் ஊதியத்தைக் கொடுத்து வாங்கி, அரபுக் கல்லறை, சிலுவை பொறித்த கல், இலிங்கத்தை யானை வழிபடும் சிற்பம் என வேறுபாடின்றிச் சேர்த்தார். 1957இல் அவற்றை நூலாக வெளியிட்டார். கற்களை அரசுக்கு அளித்தார். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1969இல், அவர் மறைந்தார். அவர் நூலின் திருத்திய பதிப்பை அவர் மகனே 2005இல் கொணர்ந்தார். தமிழரல்லாத இவ்வாசிரியர் பெயரை நம் பாடநூல்கள் ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

குவான்சௌவின் 22 இடங்கள் 2021இல் உலக மரபுச் சின்னங்களாயின. கையுவான் கோயில் அவற்றுள் ஒன்று. கோயில் வளாகத்திலேயே, 1974இல் ஹௌசூத் துறைச் சேற்றிலிருந்து எடுத்த சோங் காலக் கப்பலின் அடிப்பகுதியைத் தனிக்கூடத்தில் வைத்துள்ளனர். எஞ்சியுள்ள நீளம் 24 மீட்டருக்குச் சற்று மேல். உள்ளே 13 அறைகள். நறுமணக் கட்டைகளே சரக்கில் பெரும்பகுதி. உடன் மிளகும் கிடைத்தது.

தூண்கள் கையுவானில் நிற்க, அக்கோயில்களுக்குரிய வேறு கற்கள் பல நகர்க் கடல்வணிக அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒன்று மட்டும் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. நகரின் தெற்கே சின்ச்சியாங் பகுதியிலுள்ள சிற்றூரில், வழியோரச் சிறுகோயில் ஒன்றில், இருபுறமும் பணியாளர் நிற்க, நடுவே அமர்ந்த தெய்வத்தின் சிற்பம் உண்டு. உருவம் நம் நாட்டு முறையில் அமைந்தது. ஊர்மக்கள் அதனைக் குவான்யின் அம்மை என்று கொண்டு, பழம் வைத்து, ஊதுவத்தி ஏற்றி வணங்கி வருகின்றனர்.